கயோட்டிக்கு ஒரே தோட்டாவில் நிலைத்தேன்

மேற்கு டெக்சாஸில் கயோட்டி (ஓநாய் இனத்துச் சிறு காட்டு விலங்கு) வேட்டையில் பெரிய தலைவலி தூரம்தான். புதருக்குள் சத்தம் கொடுத்துக் கூப்பிட்டால் 40 கஜத்தில் வந்து நிற்கும், மேய்ச்சல் வெளியில் அதுவே 300 கஜத்துக்கு அப்பால் நின்று முறைக்கும். கிட்டத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று என்று இரண்டு வகைத் தோட்டா வைத்திருந்தேன். ஆனால் எடை மாறினால் குண்டு விழும் இடமும் மாறும், குறி பார்க்கும் ஸ்கோப்பைத் திருத்துவதற்குள் கயோட்டி போய்விடும்.

இப்போது என் .223 ரெமிங்டன் துப்பாக்கிக்கு 55 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு), பிளாஸ்டிக் முனைக் குண்டு மட்டும்தான். தொழிற்சாலைக் கணக்கில் வேகம் நொடிக்குச் சுமார் 3,240 அடி. 200 கஜத்தில் ஜீரோ செய்தால், அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பை அமைத்தால், 100-இல் ஒன்றரை அங்குலம் மேலே, 300-இல் சுமார் 7 அங்குலம் கீழே விழும். அதனால் 250 கஜம் வரை நெஞ்சின் நடுவில் வைத்துச் சுடலாம், அதற்கு மேல் முதுகுக் கோட்டில். காற்றுதான் கஷ்டம்: மணிக்கு 10 மைல் பக்கக் காற்று 300 கஜத்தில் இதைப் பத்து அங்குலத்துக்கு மேலேயே தள்ளும், அப்படி வீசும் நாளில் நான் தூரத்தில் சுடுவதே இல்லை. காயத்தோடு ஓடவிடுவது பாவம். ஈயத்தை உலோகம் முன்முனை வரை மூடிய முழு உறைக் குண்டு வேண்டவே வேண்டாம், விரியாமல் துளைத்துப் போய்விடும்.

கனமான 69 கிரெயின் காற்றை நன்றாகத் தாங்கும், ஆனால் குழலின் முறுக்கு (குண்டைச் சுழலவைக்கும் உள்பள்ளங்களின் திருகல்) 9 அங்குலத்துக்கு ஒரு சுற்றாவது இருக்கணும். பழைய 12 அங்குல முறுக்குக்கு 55-தான் சரி. தோலை விற்பவர்களுக்கு இந்தக் குண்டு ஒத்துவராமல் போகலாம், சில சமயம் பெரிய ஓட்டை போடும்.