தைராய்டு ரிப்போர்ட் நார்மல், கண்ணு மட்டும் ஏன் இன்னும் முழிச்சுக்கிட்டே நிக்குது?

காலையில எழுந்தா இமை ரெண்டும் உப்பிப் போயிருக்கும், மண்ணு விழுந்த மாதிரி உறுத்தும், தண்ணியா கொட்டும், நானும் அலர்ஜின்னு நெனச்சு மூணு மாசம் சும்மா திரிஞ்சேன். அப்புறம் ஒரு போட்டோ எடுத்தப்போ தான் தெரிஞ்சுது, மேல் இமை தூக்கிக்கிட்டு கருவிழிக்கு மேல வெள்ளை தெரியுது, யாரையோ முறைக்கிற மாதிரி. அதனால தைராய்டு கண் நோயா இருக்குமோன்னு சந்தேகம் இருக்கிறவங்க முதல்ல ரெண்டு வருஷம் முந்தின போட்டோவ எடுத்து இப்ப உள்ளதோட வச்சுப் பாருங்க.

ஹார்மோன் கூடினதால தான் கண்ணு பிதுங்குதுன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க. அப்படி இல்லங்க. கிரேவ்ஸ் நோய்ல (தைராய்டு அளவுக்கு மேல சுரக்கிற நோய்) நம்ம எதிர்ப்பு சக்தியே தைராய்டு மேல பாயுது, அது உண்டாக்குற அதே ஆன்டிபாடி கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற தசையையும் கொழுப்பையும் வீங்க வைக்குது, சுத்தி எலும்பு, விரிய இடமில்ல, அப்போ கண்ணு முன்னாடி தானே வரணும். இதனால தான் ரத்த டெஸ்ட்ல தைராய்டு அளவ காட்டுற டிஎஸ்எச் நார்மலுக்கு வந்த பிறகும் கண்ணு அது பாட்டுக்கு தனியா ஓடிக்கிட்டு இருக்கு. தைராய்டு கம்மியா இருக்கிறவங்களுக்கும் சில சமயம் வரும். அதுக்காக தைராய்டு மாத்திரைய விட்றாதீங்க, லெவல் ஏறி இறங்கினா கண்ணு இன்னும் மோசமாகும்.

சிகரெட் பிடிச்சா இன்னைக்கே நிறுத்துங்க, நம்ம கையில இருக்கிறதுல இதைவிட பெருசு வேற எதுவும் இல்ல. தைராய்டை அடக்க ரேடியோ அயோடின்னு கதிரியக்க மருந்து குடுக்கலாம்னு பேச்சு வந்தா கண்ணு பிரச்சினை இருக்குன்னு வாயத் திறந்து சொல்லிடுங்க, அதுல கண்ணு பிரச்சினை கூடலாம், தேவைன்னா கூடவே ஸ்டீராய்டு குடுப்பாங்க.

வீட்டுல செய்யுறது: பகல்ல செயற்கை கண்ணீர் சொட்டு, அடிக்கடி விடுறவங்க ப்ரிசர்வேடிவ் இல்லாததா கேட்டு வாங்குங்க. ராத்திரி தான் முக்கியம். தூங்கும்போது கண்ணு முழுசா மூடுதான்னு நமக்கே தெரியாது, வீட்டுல யாரையாவது டார்ச் இல்லாம மெதுவா வந்து பாக்கச் சொல்லுங்க, கீழ ஒரு கோடு மாதிரி வெள்ளை தெரிஞ்சா கருவிழி காஞ்சு புண்ணாகிடும், அதுக்கு ஜெல்லோ ஆயின்ட்மென்ட்டோ போட்டு, தேவைப்பட்டா மெடிக்கல் டேப்பால இமைய ஒட்டிக்கிட்டு படுக்கணும், எப்படி ஒட்டறதுன்னு கண் டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டச் சொல்லுங்க. தலைமாட்டை உயர்த்தி படுத்தா காலை வீக்கம் குறையும்.

எல்லாம் ரெண்டு ரெண்டா தெரிஞ்சா வண்டி ஓட்டாதீங்க. கண்ணாடியில ரெண்டு உருவத்தையும் ஒண்ணா சேக்குற பிரிசம் ஒட்டிக் குடுப்பாங்க, இல்ல ஒரு கண்ண மறைச்சுக்கலாம்.

வாரம் ஒரு தடவ பாட்டிலோட சிவப்பு மூடி ஒண்ணை எடுத்து, ஒரு கண்ண மூடிக்கிட்டு அதைப் பாருங்க, அப்புறம் அடுத்த கண்ணு. ஒரு பக்கம் சிவப்பு வெளுத்துப் போன மாதிரி தெரிஞ்சா, இல்ல பார்வை மங்கினா, அன்னைக்கே கண் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, பார்வை நரம்பு நசுங்குதுன்னு அர்த்தமா இருக்கலாம். ரெண்டு கண்ணுமே சேர்ந்து மங்கலாம், அதனால வித்தியாசம் தெரியலன்னு நிம்மதியா இருந்துடாதீங்க.

வீக்கம் கொதிச்சுக்கிட்டு இருக்கிற காலம் பொதுவா 6 மாசத்துல இருந்து 2 வருஷம் வரைக்கும். லேசா இருந்தா செலினியம் 6 மாசம் குடுப்பாங்க, நீங்களா வாங்கிப் போடாதீங்க. கொஞ்சம் கடுமைன்னா வாரம் ஒண்ணா 12 வாரம் ஸ்டீராய்டு டிரிப். 2020ல அமெரிக்காவுல டெப்ரோடுமுமாப்னு ஒரு ஊசிக்கு அனுமதி கிடைச்சுது, கண்ணு நல்லா உள்ள போகுது, ஆனா காது கேக்குறது குறையலாம், சுகர் ஏறலாம்.

ஆபரேஷனுக்கு அவசரப்படாதீங்க, பார்வைக்கு ஆபத்துன்னா தவிர. கண்ணு ஒரு 6 மாசம் மாறாம நின்ன பிறகு தான் செய்வாங்க, முதல்ல கண்ணுக்கு இடம் கிடைக்க சுத்தி உள்ள எலும்பு, அடுத்து தசை, கடைசில இமை. தேவையானது மட்டும் தான், ஆனா வரிசை இதான், ஏன்னா முதல் ஆபரேஷன்லயே அடுத்து செய்ய வேண்டியதெல்லாம் மாறிடும். அந்த 6 மாசம் மாறலன்னு எப்படி சொல்றது? மாசம் ஒரு போட்டோ, அதே ஜன்னல், அதே வெளிச்சம், நேரா ஒண்ணு சைடு ஒண்ணு. என் போன்ல 14 மாச போட்டோ வரிசையா இருந்துச்சு, டாக்டர் நான் சொன்னதைக் கேட்டதைவிட அதைத் தான் ரொம்ப நேரம் பாத்தாரு.