புது எஸ்.எஸ். போல்ட் பாதியிலேயே கடித்துக்கொள்கிறதா?

துரு ஒரு பொட்டு இல்லை. பெட்டி பிரித்து எடுத்த புது ஸ்டெயின்லெஸ் போல்ட். பாதி மரை ஏறியதும் நட் சட்டென்று இறுகி, முன்னும் போகாது, பின்னும் வராது. ‘மரை கடிச்சிருச்சு’ என்போமே, அதுதான். பொறியியலில் கேலிங்.

காரணம் தெரிந்தால் செய்முறை மறக்காது. ஸ்டெயின்லெஸ்ஸைத் துருவிலிருந்து காப்பது அதன் மேலிருக்கும் குரோமியம் ஆக்சைடு படலம். தடிமன் சில நானோமீட்டர்தான். மரையும் மரையும் அழுத்தத்தோடு உரசும்போது அது உரிந்துபோகிறது. வெற்று உலோகம் வெற்று உலோகத்தைத் தொட்டு, சூடு வைக்காமலே வெல்டு போல ஒட்டுகிறது. மேலும் திருப்பினால் ஒட்டிய இடம் பிய்ந்து ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் திட்டு. அந்தத் திட்டு அடுத்த மரையை உழுதுகொண்டே போகும்.

முதலில் மரையைத் துடைத்து, நட்டை விரலாலேயே ஏற்றிப் பாருங்கள். தடங்கலில்லாமல் ஓட வேண்டும். மரை அடிபட்ட போல்ட்டை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து ஆன்ட்டி-சீஸ் பேஸ்ட், அதாவது மரை கடிக்காமல் தடுக்கும் பசை. பலர் தாண்டிப்போவது இந்தப் படியைத்தான். நிக்கல் அல்லது மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்ததை வாங்குங்கள். மரைப் பள்ளம் நிறையும்படி பிரஷ்ஷால் தடவுங்கள். நட் வாஷரில் உட்காரும் முகத்திலும் கொஞ்சம். சாதாரண எண்ணெய் அழுத்தத்தில் பிதுங்கி வெளியேறிவிடும். ஒன்று கவனம்: பேஸ்ட் உராய்வைக் குறைப்பதால், உலர்ந்த மரைக்குச் சொன்ன டார்க்கை (முறுக்கு விசையை) அப்படியே கொடுத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். குறைத்துக் கொடுங்கள்.

பிறகு கை ஸ்பானரால் நிதானமாக முறுக்குங்கள். தட்டித் தட்டி வேகமாக முறுக்கும் இம்பாக்ட் கன் வேண்டவே வேண்டாம்; வேகம் சூட்டைக் கிளப்பும், சூடு ஒட்டலைக் கூட்டும். உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டில் இன்னும் மெதுவாக.

வாங்கும்போதே பிட்ச், அதாவது மரைக்கு மரை உள்ள இடைவெளி, அகலமானதாகப் பாருங்கள்; நெருக்கமான மரை சீக்கிரம் கடிக்கும். எம்10 (பத்து எம்.எம். போல்ட்) என்றால் 1.25 பிட்ச்சை விட்டு 1.5 பிட்ச் எடுங்கள். பேஸ்ட் போட முடியாத இடத்தில் சிலிக்கான் வெண்கல நட் நல்ல துணை.

இத்தனைக்கும் பிறகு இறுகினால்? கிறீச்சென்ற முதல் சத்தத்திலேயே கையை நிறுத்தி, பின்னால் திருப்பிப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டில் எட்டு எம்.எம். போல்ட் ஒன்றை நான் விடாமல் முறுக்கி, தலை கையோடு வந்துவிட்டது. முழுதாகச் சிக்கியதற்கு எண்ணெய் விட்டும் பெரும்பாலும் பயனில்லை, அங்கே இருப்பது துரு இல்லையே. நட்டின் ஒரு பக்கத்தை ஹாக்சாவால் நெடுக அறுத்து விரியுங்கள். கழன்ற போல்ட்டின் மரையை நகத்தால் வருடிப் பாருங்கள். சொரசொரவென்று பட்டால் பழைய இரும்புக்குப் போடுங்கள். அது அடுத்த நட்டையும் கடிக்கும்.