புது மானிட்டரில் படம் சரியாக வரவில்லையா? கேபிளிலிருந்து தொடங்குங்கள்

புது மானிட்டரை மாட்டியதும் திரை கறுப்பாகவே இருந்தால் உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பெரும்பாலும் சிக்கல் கேபிளிலோ அதைச் செருகிய இடத்திலோதான் இருக்கும்.

1. சிபியு பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் அனுப்பும் கார்டு) இருந்தால் கேபிள் அந்தக் கார்டில்தான் இருக்க வேண்டும். யுஎஸ்பி போர்ட்டுகளுக்குப் பக்கத்தில் உள்ள எச்டிஎம்ஐ மதர்போர்டுடையது. கார்டு உள்ள பல கணினிகளில் அதிலிருந்து படம் வராது. 'நோ சிக்னல்' என்று வருவதற்கு இது முக்கியக் காரணம்.

2. மானிட்டர் மெனுவில் இன்புட் பகுதிக்குப் போய், கேபிள் செருகிய அதே போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் கறுப்பு என்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் வேலை எதுவும் போகாது.

3. படம் வந்துவிட்டது, ஆனால் 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டர் 60-லேயே நிற்கிறதா? விண்டோஸ் தானாக உயர்த்தாமல் விட்டிருக்கலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றுங்கள். பட்டியலில் 144 இல்லையென்றால் வழியில் ஏதோ ஒன்று குறுகலாக இருக்கிறது. எச்டிஎம்ஐ 1.4 நொடிக்கு 10.2 கிகாபிட் வரைதான் தாங்கும். 4கே (3840×2160 புள்ளிகள்) படத்தை அதில் 30 ஹெர்ட்ஸில்தான் அனுப்ப முடியும், மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகரும். 18 கிகாபிட் தாங்கும் 2.0 இருந்தால் 4கே 60 ஹெர்ட்ஸில் ஓடும். கார்டு, கேபிள், மானிட்டர் போர்ட் மூன்றில் எது பழையதோ அதுவே வேகத்தைத் தீர்மானிக்கும். இரண்டு பக்கமும் டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு வகை போர்ட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், அதன் 1.2 பதிப்பிலேயே 2560×1440 படம் 144 ஹெர்ட்ஸில் வரும்.

4. கறுப்பு நிறம் சாம்பலாக வெளிறித் தெரிகிறதா? கார்டு மானிட்டரை டிவி என்று நினைத்து, 0 முதல் 255 வரையிலான நிற அளவை 16 முதல் 235-க்குள் சுருக்கி அனுப்புகிறது. என்விடியா கன்ட்ரோல் பேனலில் 'சேஞ்ச் ரெசல்யூஷன்' பக்கத்தில் அவுட்புட் டைனமிக் ரேஞ்சை 'ஃபுல்' ஆக்குங்கள்.

5. எழுத்து சிறிதாக இருக்கிறதென்று ரெசல்யூஷனை (திரையில் காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கையை) குறைக்கவே கூடாது, எழுத்து மங்கிவிடும். 'ரெக்கமெண்டட்' என்று காட்டுவதையே வைத்து, எழுத்தின் அளவை மாற்றும் ஸ்கேலை 125 அல்லது 150 சதவீதமாக்குங்கள்.

6. திரை அவ்வப்போது ஓரிரு நொடி கறுத்துத் திரும்பினால் வேறொரு கேபிளை, முடிந்தால் 2 மீட்டருக்குள் உள்ளதை, மாற்றிப் பாருங்கள். அப்போதும் நிற்கவில்லையா? மானிட்டரை இன்னொரு கணினியில் மாட்டுங்கள். அங்கேயும் அப்படியே என்றால், பில்லோடு கடைக்குப் போகலாம்.