மிச்சப் பாகங்களில் ராக்கெட்டா? முதலில் நூலில் சுழற்றுங்கள்

பழைய கிட்டுகளில் மிஞ்சிய குழாய், கூம்பு, இறக்கைகளைச் சேர்த்து மாடல் ராக்கெட் செய்தால் எடை எங்கே விழும் என்று சொல்ல முடியாது. அதனால் மோட்டார் (எரிந்து ராக்கெட்டைத் தள்ளும் மருந்துக் குழாய்), பாராசூட் எல்லாம் உள்ளே வைத்து, விரலில் சமமாக நிற்கும் இடத்தில் நூலைக் கட்டித் தலைக்கு மேல் சுழற்றுங்கள். மூக்கு முன்னால் போனால் சரி. பக்கவாட்டில் திரும்பினால் கூம்புக்குள் கொஞ்சம் களிமண் அடைத்து ஒட்டுங்கள். சமநிலை முன்னால் நகரும், நூலையும் நகர்த்திக் கட்டி, மறுபடி சுழற்றுங்கள்.

பறக்கவிட, டெல்டாவில் சம்பா அறுத்த வயல் அருமையான இடம். ஆனால் வைக்கோல் சட்டென்று பற்றும். ஏவும் இடத்தைச் சுற்றி நெல் தாளைச் செதுக்கி, தண்ணீர் தெளித்துவிடுங்கள். பேட்டரி இணைப்பில் பற்றவையுங்கள். சின்ன மோட்டாருக்கே 5 மீட்டராவது தள்ளி நிற்கவேண்டும்.