குழந்தைக்கு ஸ்லீப்பிங் பேக்: தென்னாப்பிரிக்கக் குளிருக்கு எதை வாங்குவது, எப்படிப் போடுவது?

இங்கே குளிர்காலம் தொடங்கும் ஜூன் பிறந்துவிட்டால், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலும் மிட்ராண்டிலும் புதிதாகப் பெற்றோரான தமிழர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ராத்திரி முழுக்கப் போர்வையை உதைத்துத் தள்ளுகிறது, என்ன செய்வது?" போர்வையை எடுத்துவிட்டு ஸ்லீப்பிங் பேக்கைப் போடுங்கள். போர்வையோடு சேர்த்து அல்ல, போர்வைக்குப் பதிலாக. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

ஸ்லீப்பிங் பேக் என்பது கைகள் வெளியே இருக்க, மார்பு முதல் பாதம் வரை மூடும் கையில்லாத பை. கால்களை உள்ளே தாராளமாக உதைக்கலாம். அது நழுவி முகத்தை மூடாது என்பதுதான் அதன் பயன். தளர்வான போர்வை முகத்தின் மேல் ஏறினால், சில மாதக் குழந்தையால் அதை விலக்க முடியாது.

முதல் படி: பைக்கு முன் வெப்பமானி

கடைக்குப் போவதற்கு முன் அறை வெப்பமானி ஒன்றை வாங்கிக் குழந்தை தூங்கும் அறையில் தொங்கவிடுங்கள். ஜன்னலோரமும் வேண்டாம், ஹீட்டர் அருகிலும் வேண்டாம். சில நாட்கள் இரவு எட்டு மணிக்கும் விடியற்காலையிலும் பாருங்கள். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலையில் இரவு வெப்பம் சராசரியாக 4 டிகிரி வரை இறங்கும். நம் வீடுகள் பெரும்பாலும் வெயில் காலத்தை நினைத்துக் கட்டியவை. அதனால் இரவு 19 டிகிரியாக இருந்த அறை விடியும்போது 13-க்கு வந்து நிற்கலாம். டர்பனில் குளிர் இவ்வளவு கடுமையில்லை. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் உறவினர் சொல்லும் அளவை லெனேசியாவில் அப்படியே பின்பற்றினால் சரிவராது, இங்குள்ளதை அங்கே பின்பற்றினாலும் அப்படித்தான்.

இரண்டாம் படி: டாக் எண்

பையின் லேபிளில் டி, ஓ, ஜி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் அருகில் ஓர் எண்ணும் இருக்கும். அதுதான் டாக், அதாவது உடல் வெப்பம் வெளியேறாமல் துணி எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு. எண் கூடினால் சூடும் கூடும். பொதுவான கணக்கு இது:

அறை 24 டிகிரிக்கு மேல்: 0.5 டாக்
21 முதல் 24 வரை: 1 டாக்
16 முதல் 20 வரை: 2.5 டாக்
16-க்குக் கீழே: 3.5 டாக்

நிறுவனத்துக்கு நிறுவனம் அட்டவணை சற்று மாறும். பையோடு வருவதையே பின்பற்றுங்கள். டாக் எண் எதுவும் இல்லாமல் "குளிர்காலத்துக்கு" என்று மட்டும் போட்டிருந்தால் நான் வாங்க மாட்டேன், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். இங்கிலாந்திலிருந்து யாராவது அனுப்பித் தந்தால் லேபிளில் ஈ.என். 16781 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது குழந்தை ஸ்லீப்பிங் பேக்குகளுக்கான ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம்.

3.5 டாக் பையை வாங்க அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. மாலையில் ஹீட்டர் போட்ட அறையில் அதைப் போட்டுத் தூங்க வைத்தால் முதல் இரண்டு மணி நேரம் குழந்தை வியர்த்துக்கொண்டிருக்கும். 2.5 டாக் பையும் உள்ளே ஒரு கூடுதல் ஆடையும் இருந்தால் ஜோகன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் பெரும்பாலான இரவுகளைச் சமாளித்துவிடலாம். டர்பன் கோடைக்கோ பையே தேவைப்படாமல் போகலாம். டயப்பரும் மெல்லிய பனியனும் போதும்.

எடை கூட்டுவதற்காக மணி நிரப்பிய பைகளும் இப்போது விற்பனைக்கு வருகின்றன. குழந்தை அமைதியாகத் தூங்கும் என்று விளம்பரம் சொல்லும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இவை வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது.

மூன்றாம் படி: அளவு

பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். "வளர்கிற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெரிதாக எடு" என்று எல்லாப் பாட்டிகளும் சொல்வார்கள். பாவாடை சட்டைக்கு அது நல்ல யோசனை. இங்கே அது ஆபத்து: கழுத்துப் பகுதி பெரிதாக இருந்தால் குழந்தை உள்ளே சறுக்கி, தலை பைக்குள் போய்விடும்.

கிளினிக்கில் தரும் 'ரோட் டு ஹெல்த்' புத்தகத்தை எடுத்துக் கடைசியாக எழுதிய எடையையும் உயரத்தையும் பாருங்கள். பல பைகள் குறைந்தது 4 கிலோ எடை இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை என்றால் கிளினிக் சிஸ்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

நீளத்துக்கு எளிய கணக்கு உண்டு. உயரத்திலிருந்து தலையின் நீளத்தை, அதாவது உச்சி முதல் தாடை வரை உள்ளதைக் கழித்து, கால் அசைக்க 10 சென்டிமீட்டர் கூட்டுங்கள். 62 சென்டிமீட்டர் குழந்தைக்குத் தலை 16 என்றால் மீதி 46. பத்தைக் கூட்டினால் 56. தோளிலிருந்து அடி வரை பையின் உள்நீளம் ஏறக்குறைய அவ்வளவு இருந்தால் போதும். கீழே கொஞ்சம் நீளமாக இருப்பதில் தவறில்லை. கழுத்திலும் கைத் துளையிலும்தான் இடம் விடக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் சோதியுங்கள். ஜிப்பைப் போட்டு, தோள் பட்டன்களை மாட்டி, கழுத்துக்கும் துணிக்கும் இடையில் விரலை விடுங்கள். ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு. பிறகு தோள் பகுதியை மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். துணி தாடையைத் தாண்டி வாய்ப்பக்கம் வந்தால் அந்தப் பை இன்னும் சில மாதம் அலமாரியில் இருக்கட்டும். தொப்பி வைத்த பை எந்த அளவிலும் வேண்டாம்.

நான்காம் படி: படுக்கை

கெட்டியான, சமமான மெத்தை. அதன்மேல் இறுக்கமாக விரித்த ஒரு விரிப்பு. தலையணை, பொம்மை, ஓரத்தில் கட்டும் பஞ்சுத் தடுப்பு எதுவும் வேண்டாம். குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். 1991-ல் இங்கிலாந்தில் இந்த ஒரு பழக்கத்தை வலியுறுத்திப் பிரசாரம் நடந்தபின் தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் அங்கே பெருமளவில் குறைந்தன.

ஏணை? அதில் நமக்குப் பாசம் உண்டு என்பது தெரியும். ஆனால் ஏணைத் துணியில் உடல் வளைந்து தாடை மார்பில் படியும். இரவுத் தூக்கத்துக்கு, அதுவும் பை போட்ட குழந்தைக்கு, அது ஏற்றதல்ல. கம்பளித் தொப்பியும் அப்படியே. குழந்தையின் அதிகப்படியான உடல் சூடு தலை வழியாகவும் வெளியேறுகிறது, தலையை வீட்டுக்குள் மூடக் கூடாது. பெரியவர்கள் மனம் கோணாமல் இதைச் சொல்வது எப்படி என்றால், வெப்பமானியை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். என் அனுபவத்தில் மருமகள் பேச்சைவிட அதன் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

ஐந்தாம் படி: ஒவ்வோர் இரவும்

பையைக் கட்டிலில் திறந்து விரித்து, அதன்மேல் குழந்தையைக் கிடத்திப் போடுவது எளிது. 2.5 டாக் பைக்குள், அறை 18 முதல் 20 வரை இருந்தால், முழுக்கை முழுக்கால் பருத்தி ஆடை ஒன்று போதும். அதற்குக் கீழே போனால் உள்ளே ஒரு பனியன். வெளியே இருக்கும் கை சில்லென்று இருக்கிறதே என்று உடனே ஸ்வெட்டர் போடாதீர்கள். சின்னக் குழந்தைகளின் கை கால் இயல்பாகவே சில்லிட்டிருக்கும். பிடரியையோ மார்பையோ தொட்டுப் பாருங்கள். வியர்வை, நனைந்த முடி, சிவந்த கன்னம் தெரிந்தால் ஓர் அடுக்கைக் குறையுங்கள். நீங்கள் தூங்கப் போகும்போது ஒருமுறை, நள்ளிரவில் பால் கொடுக்கும்போது ஒருமுறை பார்த்தால் போதும்.

ஹீட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காஸ் ஹீட்டரையும் பாரஃபின் (மண்ணெண்ணெய்) ஹீட்டரையும் தூங்கும் அறையில் எரிய விடாதீர்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேரும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. மின்சார ஹீட்டரில் வேறு சிக்கல். லோட் ஷெடிங் போன்ற மின்வெட்டில் மின்சாரம் போனதும் ஹீட்டரை மறந்துவிட்டுத் தூங்கிவிடுவோம். இரண்டு மணி நேரம் கழித்து மின்சாரம் வந்ததும், யாரும் விழித்திராத நேரத்தில், அது தானாக எரியத் தொடங்கி அறையைச் சூடாக்கிவிடும். மின்சாரம் போன உடனே சுவிட்சை அணைத்துவிடுங்கள். வெந்நீர்ப் பையால் படுக்கையைச் சூடாக்கினால், குழந்தையைக் கிடத்துவதற்கு முன் அதை வெளியே எடுத்துவிட வேண்டும்.

சில நடைமுறைச் சங்கதிகள்

துணியால் இறுக்கிச் சுற்றும் பழக்கம் இருந்தால், குழந்தை புரள முயலும் முதல் அறிகுறியிலேயே அதை நிறுத்திக் கை வெளியே இருக்கும் பைக்கு மாறுங்கள். சுற்றிய துணியின் மேல் பையைப் போடக் கூடாது.

காய்ச்சல் வந்தால் பையை மெல்லியதாக மாற்றுங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி என்றால் விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

கார் இருக்கையில் பையோடு உட்கார வைக்காதீர்கள். பெல்ட் உடலோடு பொருந்தாது.

ஒன்று ஈரமானால் மாற்ற இன்னொன்று தேவை, எனவே இரண்டாக வாங்குங்கள். பழைய பை கிடைத்தால் ஜிப், தோள் பட்டன், கைத் துளைத் தையல் மூன்றையும் இழுத்துப் பாருங்கள். பல முறை துவைத்ததில் பட்டன் தளர்ந்திருந்தால் அதை மாற்றித் தைத்தபின்தான் பயன்படுத்த வேண்டும்.