தடைக்காலம் தொடங்குவதற்குள் சங்கத்தில் பணம் சேர்ந்திருக்கட்டும்

மண்டபம் பக்கமோ தொண்டி பக்கமோ, நம் கடற்கரை ஊர் ஒன்றில் பத்து இருபது பேர் சேர்ந்து சேவைச் சங்கம் ஆரம்பிக்கிறீர்கள் என்றால், முதல் கூட்டத்திலேயே ஒரு காலண்டரை நடுவில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. பள்ளிக்கூடம் திறப்பது ஜூன் தொடக்கத்தில், கல்லூரிச் சேர்க்கையும் அதே நேரத்தில். அதாவது வீட்டில் காசே இல்லாத நேரம் பார்த்து எல்லாச் செலவும் வந்து நிற்கும். அரசு தடைக்கால நிவாரணம் தருகிறது, 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் 5,000 ரூபாயை 8,000 ஆக்குவதாக அறிவித்தார்கள். ஆனால் ஐஸ் உடைக்கிறவர், லோடு ஏற்றுகிறவர், கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்கிற அம்மா, இவர்களில் பலருக்கு நிவாரணத்துக்கான பதிவில் பெயர் இருக்காது, வேலையும் இருக்காது. தீபாவளிக்கு வேட்டி சேலை கொடுக்க நிறையப் பேர் வருவார்கள். மே கடைசியில்தான் ஆள் இருப்பதில்லை. சின்னச் சங்கம் போய் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

சரி, மே மாதம் கொடுக்க வேண்டும் என்றால் ஜூலையிலிருந்தே சேர்க்க வேண்டும். நாங்கள் 23 பேர், மாதம் ஆளுக்கு 200 ரூபாய் சந்தா, வருஷத்துக்கு 55,200. இது போக வெளியே வசூல் செய்தால் அதைத் தனிக் கணக்கில் வையுங்கள், சந்தாவோடு கலக்கவே கூடாது. லயன்ஸ் சங்கங்களில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள்: பொதுமக்களிடம் திரட்டிய பணம் பொதுமக்களுக்கே திரும்பப் போக வேண்டும், சங்கத்தின் சொந்தச் செலவுக்கு அதில் கை வைக்க முடியாது. கூட்டத்துக்கு டீ வடை வாங்குவதும், நோட்டீஸ் அடிப்பதும் சந்தாவிலிருந்துதான். வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து போடும்படி வையுங்கள், பத்து ரூபாய் வாங்கினாலும் ரசீது கொடுங்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம் மாதிரி ஊர்களில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். யாராவது பணம் தரும்போது "இது ஜகாத்தா பாய், பொதுவான தர்மமா?" என்று கேட்டு ரசீதிலேயே எழுதிவிடுங்கள். ஜகாத் என்பது வசதியுள்ள முஸ்லிம்கள் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய தர்மம், அது இன்னின்னாருக்குத்தான் போய்ச் சேர வேண்டும் என்று எட்டு வகை இருக்கிறது, அந்தப் பணத்தில் பஸ் ஸ்டாப்புக்கு நிழற்குடை போட்டால் கொடுத்தவர் மனசு நோகும், அது நியாயமும்கூட. துபாயில் இருக்கும் மச்சான் இந்திய பாஸ்போர்ட்காரர் என்றால், தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பலாம், தடையில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை, மத்திய அரசின் அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது.

பதிவு செய்வது பெரிய வேலை இல்லை. 1975 ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்தால் ஆயிற்று. நன்கொடையாளருக்கு வரிச்சலுகை வேண்டுமென்றால் வருமான வரித்துறையில் 80ஜி என்று சொல்லும் அனுமதியைத் தனியாக வாங்க வேண்டும், அப்படி வாங்கினாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அதற்குச் சலுகை கிடையாது.

இப்போது கொடுக்கிற விஷயத்துக்கு வருகிறேன், இங்கேதான் நாங்கள் ரொம்பத் தவறு செய்தோம். முதல் வருஷம் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் மேடை போட்டு, மைக்கில் பெயர் கூப்பிட்டு அரிசி மூட்டை கொடுத்தோம். ஓர் அக்கா தன் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, வாங்காமலே வீட்டுக்குப் போய்விட்டார். அவர் மகள் எங்கள் பையன்களோடு ஒரே வகுப்பு. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. அதற்குப் பிறகு மேடையும் கிடையாது, போட்டோவும் கிடையாது. ஏப்ரல் கடைசியில் எங்கள் உறுப்பினர்களில் இரண்டு பெண்கள் பால்வாடி டீச்சரிடமும் ஐஸ் கம்பெனி கணக்குப்பிள்ளையிடமும் பேச்சுவாக்கில் விசாரித்து ஒரு பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியல் மூன்று பேரைத் தாண்டி யாருக்கும் தெரியாது. கூட்டத்தில் "12 வீடு, இவ்வளவு ரூபாய்" என்று மட்டும்தான் வாசிப்போம். பொருளாகக் கொடுப்பதைவிட மளிகைக் கடையில் பணத்தைக் கட்டிவிட்டு, "உங்க கணக்குல இருக்கு அக்கா, வேணுங்கிறதை வாங்கிக்கோங்க" என்று சொல்வது எவ்வளவோ மேல். சிலர் அரிசி வாங்குவார்கள், சிலருக்குச் சோப்பும் எண்ணெயும்தான் தேவைப்படும், அது அவர்கள் வீட்டு விஷயம்.

பிள்ளைகளுக்கு நோட்டு, பை என்று ஓடாதீர்கள். அரசுப் பள்ளியில் பாடநூல், நோட்டு, சீருடை, பை எல்லாம் பெரும்பாலும் அரசே தருகிறது. தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்துக் கேளுங்கள்: கண்ணாடி தேவைப்படும் பிள்ளை யார், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியாமல் இருப்பவர் யார், விடுதிக்கு முன்பணம் இல்லாமல் சேராமல் நிற்பவர் யார். முன்பணத்தைக் கல்லூரிக் கணக்குக்கே நேரே கட்டிவிடுங்கள்.

கண் முகாம் நடத்துவது நினைப்பதைவிட எளிது. டாக்டரும் கருவியும் கண் மருத்துவமனையிலிருந்து வருவார்கள். இடம், விளம்பரம், தண்ணீர், நாற்காலி மட்டும் நம் பொறுப்பு. ஆனால் அறுவை சிகிச்சைக்கு மதுரை போகிற பெரியவரை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு விட்டுவிடாதீர்கள், திரும்பி வந்தபின் சொட்டு மருந்து ஒழுங்காகப் போடுகிறாரா என்று நாலு தடவையாவது எட்டிப் பாருங்கள். ரத்ததானம் என்றால் 18 வயதுக்கு மேல், 45 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை. உறுப்பினர்களின் ரத்த வகையை எழுதி வைத்திருந்தால் ராத்திரி போன் வரும்போது உதவும்.

கூட்டத்துக்கு எங்களுக்கு ஒத்துவந்தது வெள்ளி ராத்திரி, இஷா தொழுகை முடிந்த பிறகு. ஞாயிறு பூசைக்குப் போகிறவர்களுக்கும் இடைஞ்சல் இல்லை. கணக்கைப் பொருளாளர் சத்தமாக வாசிக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், கேட்டதற்காக யாரும் முகம் சுளிக்கக் கூடாது. சந்தா கட்ட முடியாமல் நிற்கும் உறுப்பினரை, முக்கியமாகத் தடைக்காலத்தில், யார் முன்னாலும் கேட்காதீர்கள்.

அப்புறம் பணமே கொடுக்காமல் செய்யும் வேலையும் வருஷத்தில் ஒன்றாவது இருக்கட்டும். நாங்கள் பனம்பழம் விழும் காலத்தில் கொட்டைகளைப் பொறுக்கிச் சேர்த்து வைத்து, வடகிழக்கு மழைக்கு முன்னால் பஞ்சாயத்தில் சொல்லிவிட்டுக் கண்மாய்க் கரையில் ஊன்றுகிறோம். அந்த அரிசி மூட்டையை வாங்காமல் போன அக்கா இரண்டாம் வருஷம் சாக்கோடு வந்து நின்றார். இப்போது பட்டியல் எழுதும் இரண்டு பேரில் ஒருவர் அவர்தான்.