அழாத பிள்ளை: பிறவித் தைராய்டு குறைபாட்டில் வீட்டார் செய்யும் தவறுகள்

மும்பை செம்பூரில் என் அக்கா பேத்தி பிறந்து 10 நாள் ஆகியிருந்தபோது வீடே அவளைப் புகழ்ந்துகொண்டிருந்தது. அழமாட்டாள், ராத்திரி யாரையும் எழுப்பமாட்டாள், பால் குடிக்கக்கூட நாம்தான் பாதத்தைச் சுரண்டி உசுப்ப வேண்டும். "என்ன சாதுவான பிள்ளை, யாரைக் கொண்டிருக்கோ!" என்று அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. இதற்கிடையில் மருத்துவமனையிலிருந்து வந்த போனை யாரும் எடுக்கவில்லை. தெரியாத நம்பர், லோன்காரன் என்று நினைத்து மாப்பிள்ளை இரண்டு தடவை கட் செய்திருந்தார். 11ஆம் நாள்தான் விஷயம் தெரிந்தது: குதிகாலில் எடுத்த ரத்தத்தில் டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது ஏறும்) மிக அதிகம், உடனே வாருங்கள்.

இந்தியாவில் ஏறக்குறைய 1,000 முதல் 1,500 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தப் பிறவித் தைராய்டு குறைபாடு இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தைராய்டு சுரப்பியே உருவாகியிருக்காது, அல்லது சிறுத்து, இடம் மாறி இருக்கும். மற்றவர்களுக்குச் சுரப்பி இருந்தும் தைராய்டு ஹார்மோன் சரியாகத் தயாராகாது. மூளை வேகமாக வளர்கிற முதல் இரண்டு மூன்று வருடத்தில் இந்த ஹார்மோன் இல்லாமல் போனால் அறிவு வளர்ச்சி குன்றிவிடும். பிறகு எவ்வளவு மருந்து கொடுத்தாலும் இழந்தது திரும்பாது. ஆனால் 2 வாரத்துக்குள் தைராய்டு ஹார்மோன் மாத்திரை தொடங்கி ஒழுங்காகக் கொடுத்தால் மற்ற பிள்ளைகளைப் போலவே வளரும்.

அதனால் முதல் தவறு, முகத்தைப் பார்த்து முடிவு செய்வது. வயிற்றில் இருக்கும்போது தாயின் ஹார்மோன் கொஞ்சம் நஞ்சுக்கொடி வழியாகப் போய்ச் சேர்வதால், பிறந்த குழந்தை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இறங்காத மஞ்சள்காமாலை, மலச்சிக்கல், கரகரத்த அழுகை, பெரிய நாக்கு, தொப்புள் பிதுக்கம், சில்லென்ற கைகால் எல்லாம் மெதுவாகத்தான் தலைகாட்டும். அப்போதும் நம் வீட்டில் மஞ்சளுக்கு வெயில், மலச்சிக்கலுக்கு உரை மருந்து என்று தனித்தனியாக வைத்தியம் நடக்கும். எல்லாம் ஒரே காரணத்தால் வருகிறது என்று யாருக்கும் தோன்றாது.

ரத்தம் எடுக்கும் நேரத்திலும் கோட்டை விடுகிறோம். பிறந்தவுடன் எல்லாக் குழந்தைக்கும் டிஎஸ்எச் எகிறி, பிறகு தானே இறங்கும். ஆகவே குதிகால் ரத்தத்தை 48 முதல் 72 மணி நேரத்தில் எடுப்பது நல்லது. சில இடங்களில் பிறந்த உடனே தொப்புள்கொடி ரத்தத்தில் பார்ப்பார்கள், அதுவும் சரிதான். சுகப்பிரசவமாகி மறுநாளே டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள், ரத்தம் எடுத்தாயிற்றா, இல்லையென்றால் எப்போது வரவேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். குறைமாதக் குழந்தை, இரட்டைக் குழந்தை என்றால் இரண்டு வாரத்தில் இன்னொரு தடவை எடுக்கச் சொல்வார்கள்.

மும்பைத் தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பிரசவம் திருநெல்வேலியில் தாய்வீட்டில், பிறகு தாராவிக்கோ மாட்டுங்காவுக்கோ திரும்புதல். ரிப்போர்ட் அங்கே, பிள்ளை இங்கே. ஆஸ்பத்திரியில் தாத்தாவின் பழைய நம்பரைக் கொடுத்திருப்பார்கள். எடுக்கக்கூடிய இரண்டு நம்பரைக் கொடுங்கள். ஒரு வாரமாகத் தகவல் இல்லையென்றால் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். தகவல் வரவில்லை என்பதற்கு நார்மல் என்று பொருளில்லை.

உறுதிப்படுத்த எடுக்கும் ரத்தப் பரிசோதனையின் ரிப்போர்ட்டில் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவு பல நேரம் பெரியவர்களுக்கானது. பச்சிளம் குழந்தையின் டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) இயல்பாகவே அதைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும். கட்டத்துக்குள் இருக்கிறதே என்று வாட்ஸ்அப்பில் மாமாவுக்கு அனுப்பி ஆறுதல் தேடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம் மாத்திரை. தொடக்க அளவு எடையில் கிலோவுக்குத் தினம் 10 முதல் 15 மைக்ரோகிராம். 3 கிலோ பிள்ளைக்கு 25 மைக்ரோகிராம் மாத்திரையில் ஒன்றரை என்று எழுதிக் கொடுத்தார்கள். பாட்டியும் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர், அவர் பாட்டிலில் இருப்பது 100 மைக்ரோகிராம் மாத்திரை. இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். மாத்திரையை இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து நசுக்கி, சில சொட்டு தாய்ப்பாலில் குழைத்துப் பாலாடையில் கொடுப்பதுதான் வழி. பால்புட்டியில் கரைத்தால் பாதி அடியில் தங்கும், பிள்ளை எவ்வளவு குடித்தது என்றே தெரியாது. ஒரு வாரத்துக்குச் சேர்த்துக் கரைத்து வைப்பதும் கூடாது. இரும்பு, கால்சியம் சொட்டு மருந்துகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். ஜூலை மாத மும்பை ஈரத்தில் மூடி திறந்து கிடக்கும் பாட்டில் சமையலறை மேடையில் இருந்தால் மாத்திரையின் வீரியம் போய்விடும்.

தாயைக் குறை சொல்வது இன்னொரு தவறு. மசக்கையில் சரியாகச் சாப்பிடவில்லை, கிரகணத்தில் வெளியே போனாள் என்றெல்லாம் எங்கள் வீட்டிலும் கிளம்பியது. சுரப்பி உருவாகாததற்கு அவள் செய்த எதுவும் காரணமில்லை. தாய் தைராய்டு மாத்திரை எடுப்பவராக இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தொப்புளில் அயோடின் மருந்தை விடாமல் தடவினால் சில குழந்தைகளுக்குத் தற்காலிகமாகத் தைராய்டு குறையும், அதையும் தவிருங்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது, டிஎஸ்எச் நார்மல் ஆனதும் மாத்திரையை நிறுத்துவது. நார்மல் ஆனதே மாத்திரையால்தான். முதல் வருடம் அடிக்கடி ரத்தம் பார்த்து, எடை ஏற ஏற அளவைக் கூட்டுவார்கள். இது தற்காலிகமோ என்று சந்தேகமிருக்கும் பிள்ளைகளுக்கு 3 வயதுக்குப் பிறகு மருத்துவர் சில வாரம் மாத்திரையை நிறுத்திச் சோதித்துப் பார்ப்பார். ஸ்கேனில் சுரப்பியே இல்லை என்று தெரிந்த பிள்ளைக்கு அந்தச் சோதனையும் வேண்டாம். எங்கள் வீட்டுப் பிள்ளை அந்த ரகம். இப்போது இரண்டரை வயது, மாத்திரையைத் தானே கடித்துத் தின்கிறாள், ராத்திரி யாரையும் தூங்கவிடுவதில்லை.